முப்பத்து மூன்று வேகம்

ஐப்பசி 3, திங்கள்

விடியலிலிருந்து தூறல். மாடிப் படியில் பாசி. பிளீச்சிங் பவுடர் வாங்க வேண்டும். வேன் பேட்டரி மறுபடியும் இறங்கிவிட்டது.

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். ஒன்று விடாமல். மழை வந்ததும் ஏழுமலைக்குத் தோல் வெடிக்கும் என்று ஆடியிலேயே சொன்னேன். வெடித்தது. எத்தனை டியூப் ஆயின்ட்மென்ட் தடவினாலும் அடங்கி அடங்கித் திரும்ப வரும் என்றேன். வந்தது. ஒருநாள் கம்பெனியில் கூப்பிட்டுக் கையில் காகிதம் கொடுப்பார்கள் என்றேன். வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாவதைப் பாதியில் விட்டவன்தான் நான். ஆனால் இந்த வீட்டில் எதுவும் முதலில் எனக்குத்தான் தெரியும்.

ஏழுமலை என் பெண்டாட்டி சரோஜாவின் தம்பி. வயது நாற்பத்தொன்று. தாய் இறந்தபின் அக்காவே தாய். எங்கள் கல்யாணத்தில் மணவறையில் அவள் மடியை ஒட்டி உட்கார்ந்திருந்தான், பதினொரு வயசு. எழுந்திரு என்றால் எழுந்திருக்கவில்லை. அவன் கட்டிய பெண்டாட்டி மூன்றாம் வருஷமே போய்விட்டாள். இப்போது எங்கள் மாடி அறையில்.

ஒரகடத்தில் கார்க் கதவுக்குப் பெயின்ட் அடிக்கும் லைனில் பதினோரு வருஷம். வியாதி சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், இப்போது உள்ளங்கை, நெற்றி ஓரம். வெள்ளைச் செதிலாக உதிர்கிறது. ஈரப் பெயின்டில் ஒரு செதில் விழுந்தால் கதவு வீணாம். காகிதத்தில் எழுதியிருப்பது: மாதக் கடைசிக்குள் கம்பெனி டாக்டரிடம் ஃபிட்னஸ் வாங்கினால் லைன். இல்லாவிட்டால் வெளியே ஸ்க்ராப் யார்டு.

அதுகூட அவனுக்குப் பெரிதில்லை. கம்பெனி பஸ்ஸில் அவன் பக்கத்து சீட் காலியாகவே வருகிறது. சனிக்கிழமை அவன் எழுந்த சீட்டில் ஒருத்தன் பேப்பர் விரித்து உட்கார்ந்தானாம். அக்காவிடம் அதைச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஒரு வாய் வைக்கவில்லை. நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

மதியம் அவனைக் கூட்டிக்கொண்டு வாலாஜாபாத் ரோட்டில் உள்ள ஆயுர்வேத வைத்தியசாலைக்குப் போனேன். வைத்தியர் ஒரு அம்மா. நாற்பத்தைந்து இருக்கும். இனி இந்த நோட்டில் டா.அம்மா. அவன் உள்ளங்கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். அதிலேயே அவன் பாதி குணமான மாதிரி முகம். இது யாருக்கும் ஒட்டாது என்றார். உடம்பைச் சுத்தம் செய்தால் அடங்க வாய்ப்பு உண்டு, அடியோடு போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்.

முறை இது: நான்கு நாள் மருந்து நெய். மூன்று நாள் எண்ணெய் தேய்த்து ஆவி. ஒருநாள் பேதி. அப்புறம் ஐந்து நாள் கஞ்சி. அங்கேயே தங்க வேண்டும். கூட ஒரு ஆள்.

நான் சிரித்தேன். எனக்கே பாடம் சொல்கிறார். பத்து வருஷத்துக்கு முன் கேரளாவில் பதினாலு நாள் இருந்து வந்தவன் நான். பேதியில் ஒவ்வொரு தடவை போவதையும் வேகம் என்பார்கள். என் கணக்கு முப்பத்து மூன்று வேகம். அதைச் சொன்னதும் டா.அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து நிற்காத குறை.

"அது உங்க உடம்பு. இவருக்குப் பத்து, பன்னிரண்டு போனாலே போதும்" என்றார்.

வரும் வழியில் வண்டியில் ஏழுமலை கேட்டான். "மாமா, நெசமா முப்பத்து மூணா?"

"எண்ணிப் பார்த்துதான் சொல்றேன். முப்பதுக்குக் கீழ நின்னா மீதி விஷம் திரும்பத் தோலுக்குத்தான் வரும்."

அவன் அதை விரல் விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.


ஐப்பசி 4, செவ்வாய்

கொண்டு போக: லுங்கி 4, பழைய துண்டு 3, ஃபிளாஸ்க், சொம்பு, விரிப்பு, மெத்தைக்குப் பிளாஸ்டிக் ஷீட், சார்ஜர், இந்த நோட்டு.

கூட இருக்கும் ஆள் நானே. என் வேன் டிரிப்பைப் பதினைந்து நாளைக்கு வேறு டிரைவருக்கு மாற்றிவிட்டேன். சரோஜாவால் வர முடியாது, அவளுக்குக் கால் வீக்கம். அவள் சொன்னது ஒன்றுதான்: "உன் பேச்சக் கேட்டுத்தான் அனுப்புறேன். அவன எப்பிடிக் கூட்டிக்கினு போறியோ அப்பிடியே கூட்டிக்கினு வா."

எப்படிக் கூட்டிப் போகிறேனோ அதைவிட நன்றாகக் கூட்டி வருவேன் என்றேன்.


ஐப்பசி 6, வியாழன்

நெய் இரண்டாம் நாள். நேற்று முப்பது மில்லி, இன்று அறுபது. பச்சை நிறம். வேம்பும் இன்னும் என்னென்னவோ போட்டுக் காய்ச்சியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடிக்க வேண்டும், மேலே வெந்நீர். பசி எடுக்கும்வரை ஒன்றும் கூடாது. அவனுக்கு இன்று மதியம் இரண்டு மணிக்குத்தான் பசித்தது.

எனக்கு முதல் நாளே நூறு மில்லி கொடுத்தார்கள் என்று அவனிடம் சொன்னேன். இருநூறு என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அவன் பயந்துவிடுவான்.

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கன்டெய்னர் லாரிகள் ரோட்டுச் சேற்றை வாசல்வரை அடித்துவிட்டுப் போகின்றன. டிவியில் செம்பரம்பாக்கம் ஏரிக்கு எத்தனை அடி என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏழுமலை பார்க்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.


ஐப்பசி 9, ஞாயிறு

நேற்றோடு நான்கு நாள் நெய் முடிந்தது. கடைசி நாள் நூற்றைம்பது. வாந்தி வரும்போல இருந்தும் அடக்கிக்கொண்டான். உடம்பில் நெய் ஏறிவிட்டது, முகம் மினுமினுப்பு, செதில் மெத்தென்று ஆகிவிட்டது. டா.அம்மாவுக்குத் திருப்தி. நான் எதிர்பார்த்ததுதான்.

இன்று எண்ணெய், ஆவி. மரப்பெட்டி. உள்ளே உட்கார வைத்து மூடினால் தலை மட்டும் வெளியே. கீழிருந்து கஷாய ஆவி. பத்து நிமிஷம் கழித்து அவன் முகத்தில் வேர்வையும் கண்ணீரும் ஒன்றாக வழிந்தது. வலிக்கிறதா என்றேன். இல்லையாம். தேய்த்துவிடும் பையன் கையுறை இல்லாமல் தேய்த்தானாம். மாமா, அவன் வெறுங்கையால் தொட்டான் என்றான். அதற்காக அழுதிருக்கிறான்.

நான் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

வராந்தாவில் மூட்டு வலிக்கு வந்திருக்கும் ஒரு கிழவி. தண்டலத்துக்காரி, வாய் ஜாஸ்தி. என் கேரளாக் கதையைப் பாதியில் நிறுத்தினாள்.

"ஏம்பா, முப்பத்து மூணு தபா போனேன்றியே, அத யார் எண்ணிக்கினு கெடந்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் விடுவேனா. ஒரு நர்ஸ் மணிமாலை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணினாள், ஒரு தடவைக்கு ஒரு மணி என்றேன். ருத்திராட்சம் என்றும் சேர்த்துக்கொண்டேன். கிழவி வாயை மூடிக்கொண்டாள். நன்றாக வந்தது அந்த மணிமாலை. எனக்கே கண்ணில் தெரிந்தது.

ஏழுமலையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை.


ஐப்பசி 12, புதன்

மேகமூட்டம், மழை இல்லை. பேதி நாள்.

கா. 8.30. டா.அம்மா வந்து பிரஷர், நாடி பார்த்தார். சுவரில் ஒரு தாள் ஒட்டி நூலில் பென்சில் கட்டிவிட்டார். ஒவ்வொரு வேகத்துக்கும் நேரம் போட்டு ஒரு கோடு. எழுதுவது என் பொறுப்பு. சொன்னது: நடுவில் வெந்நீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சளி மாதிரி வந்தால் சொல்ல வேண்டும். தலைசுற்றல், காலில் பிடிப்பு என்றால் சொல்ல வேண்டும். பதினைந்தைத் தாண்டினால் உடனே கூப்பிட வேண்டும், நிறுத்துவதற்குக் கொடுப்பார்.

"அந்தத் தாளை வெச்சுத்தான் நான் முடிவெடுப்பேன். கவனமா எழுதுங்க" என்றார்.

இந்த நோட்டிலும் எழுதிக்கொள்கிறேன்.

9.10. லேகியம். கறுப்பு, புளி உருண்டை மாதிரி இரண்டு.
10.25. முதல்.
10.40. 2.
11.05. 3. 11.20. 4.
12 மணிக்கு 7. தெம்பாக இருக்கிறான். ஜோக் அடித்தான். லைனில் இருந்தால் இந்நேரம் டீ டைம் என்றான்.
1.10. 11. டா.அம்மா வந்து தாளைப் பார்த்தார். நல்லபடியாகப் போகிறது என்றார்.
1.25. 12. 1.40. 13.
1.50. 14. தண்ணீராக மட்டும்.

1.55. பாத்ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "மாமா, எவ்ளோ ஆச்சு?"

"பதினாலு."

"இன்னும் ஒண்ணு போனா நிறுத்திடுவாங்க. பாதி உள்ளயே நின்னுடும். எழுதாத மாமா."

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். பார்த்துக்கலாம் விடு என்றுதான் வந்தது. பதினாலோடு பென்சிலை விட்டுவிட்டேன்.

2.05. 15. (தாளில் இல்லை)
2.15. 16.
2.30. 18. உதவிக்காரப் பெண் எட்டிப் பார்த்து, பதினாலா என்று கேட்டுவிட்டுப் போனாள்.
2.50. டா.அம்மா வந்தார். நாடியை ரொம்ப நேரம் பிடித்தார். இறங்கின மாதிரி இருக்கிறதே, கணக்கு சரிதானே என்று என்னைக் கேட்டார். சரி என்றேன். ஏழுமலை சிரித்து, நல்லா கீறேன் மேடம் என்றான். உப்பும் சர்க்கரையும் கலந்து ஒரு ஜாடி கொடுத்துவிட்டு அரை மணியில் வருகிறேன் என்று போனார். அவன் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு வாந்தி எடுத்தான்.
3.00. 21.
3.10. 23. கெண்டைக்காலில் பிடிப்பு. தேய்த்துவிட்டேன்.
இன்னும் பத்து. என் ரெக்கார்டைப் பிடித்துவிடுவான் என்றேன். சிரித்தான். உதடு வெள்ளை.
3.20. 26.
3.25. 28. குரல் வரவில்லை. விரலில் காட்டினான், இன்னும் ஐந்து


ஐப்பசி 13, வியாழன்

மழை. ஆஸ்பத்திரி பெஞ்சில் எழுதுகிறேன்.

நேற்று மூன்றரைக்குப் பாத்ரூமில் சத்தம். கதவைத் தோளால் இடித்தேன். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் கிடந்தான். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. நானும் தேய்த்துவிடும் பையனும் தூக்கினோம். எண்ணெய் தடவிய உடம்பு மாதிரி வழுக்கியது, ஆனால் குளிர். டா.அம்மா தன் காரிலேயே போட்டுக்கொண்டு வந்தார். ஹைவேயில் லாரி வரிசை. டா.அம்மா ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஐசியூ. பிரஷர் கிடைக்கவில்லை. கிட்னி அடி வாங்கியிருக்கிறது. ரத்தத்தில் இருக்க வேண்டிய உப்புச் சத்து ஏதோ அடியோடு இறங்கிவிட்டது, இதயம் எப்போது வேண்டுமானாலும் தாளம் தப்பும் என்றார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டர் சின்ன வயசு. தாளைக் கையில் வைத்துக்கொண்டு டா.அம்மாவைக் கேட்டார், பதினாலு தரம் போனதற்கு இந்த அளவு இறங்குமா? இறங்காது என்றார் டா.அம்மா. அப்படியானால் இதயத்தில்தான் ஏதோ என்றார் அவர். பலவீனமான இதயமாக இருந்தால் தண்ணீரை வேகமாக ஏற்ற முடியாது, நுரையீரலில் கட்டிக்கொள்ளும். மெதுவாகத்தான் விடுகிறோம். எக்கோ பார்ப்பவர் காலை ஒன்பதுக்கு வருவார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது.

ஆட்டோ பிடித்து சரோஜா வந்தாள். வீங்கிய காலோடு வராந்தா முழுக்க ஓடி வந்து டா.அம்மாவின் கையைப் பிடித்தாள். "என் தம்பிக்கு இன்னா குட்த்த? சொல்லு, இன்னா குட்த்த?" டா.அம்மா கையை உருவவில்லை. மிச்ச லேகியத்தை டப்பாவோடு கொண்டு வந்திருந்தார், பரிசோதனை செய்யட்டும் என்று. நாடி பார்த்தபோதே சந்தேகம் வந்தது, தாளை நம்பிவிட்டேன் என்றார். சரோஜாவிடம் இல்லை. சுவரைப் பார்த்து.

எங்கள் தெரு ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள். போலீசில் எழுதிக் கொடுக்கலாம், வைத்தியசாலையைப் பூட்டுப் போட வைக்கலாம் என்று பேசினார்கள். கூட இருந்து எண்ணியவர் நீங்கள்தானே அண்ணா, உங்கள் கையெழுத்துதான் முக்கியம் என்றான் ஒருவன். தலையை ஆட்டினேன்.

அறுபது வருஷத்தில் எந்தக் கணக்கையும் நான் கூட்டியே சொல்லியிருக்கிறேன். பிடித்த மீன், ஓட்டிய கிலோமீட்டர், அடித்த பாம்பு. குறைத்து எழுதிய கணக்கு இது ஒன்றுதான்.

விடியும்வரை சொல்லவில்லை. ஏன் என்று எழுத நினைத்து மூன்று தடவை பேனாவை வைத்துவிட்டேன். சரோஜா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அதனால் எழுந்து போக முடியவில்லை என்று எழுதலாம். அது காரணம் இல்லை.

கா. 7. சின்ன டாக்டர் வெளியே வந்தார். ராத்திரி முழுக்க நூறு மில்லிகூடச் சிறுநீர் இல்லை, டயாலிசிஸ் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். வேறு ஏதாவது சாப்பிட்டாரா, நாட்டு மருந்து, குடி, எதுவானாலும் சொல்லுங்கள் என்றார்.

"பதினாலு இல்ல சார். இருபத்தெட்டு."

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். பதினாலுக்கு மேல் நான் எழுதவில்லை, கேட்டபோது பொய் சொன்னேன், வாந்தியும் எடுத்தான், காலில் பிடிப்பும் வந்தது, அதையும் சொல்லவில்லை. எப்படி நம்புவது என்றார். இந்த நோட்டைக் கொடுத்தேன். நேற்றைய பக்கத்தை மட்டும் விட்டு மற்ற பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன். அவர் நேரம் நேரமாகத் தன் காகிதத்தில் எழுதிக்கொண்டு ஓடினார். கதவு மூடுமுன் உள்ளே சொன்னது கேட்டது. "டிரிப்ப ஃபுல்லா திற."

சரோஜா எப்போது எழுந்தாள் என்று தெரியாது. பின்னால் நின்றிருந்தாள். என் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டு போய் எதிர் வரிசைக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். தெரு ஆட்கள் ஒவ்வொருவராக டீ குடிக்கப் போனார்கள்.

டா.அம்மா இரவு போகவே இல்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஏன் எழுதல?"

அவன்தான் எழுத வேண்டாம் என்றான் என்றேன். உண்மைதான்.

"கேரளாவில உங்களுக்கு முப்பத்து மூணு ஆனப்போ உடம்பு எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

ஒன்றும் ஆகவில்லை, அன்று சாயங்காலமே கடற்கரைக்கு நடந்து போனேன் என்றேன். கடற்கரை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் தலையாட்டிக்கொண்டு எழுந்து போனார்.


ஐப்பசி 14, வெள்ளி

வெயில். துணி காயும்.

எக்கோவில் இதயம் சரி. நேற்று மதியத்துக்குள் எட்டு பாட்டில் ஏறியது. மாலை நாலு மணிக்குச் சிறுநீர் வந்தது. நர்ஸ் வந்து சொன்னபோது சரோஜா அந்தப் பெண்ணின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டயாலிசிஸ் வேண்டியிருக்காது போல. இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும்.

சின்ன டாக்டர் என்னிடம் ஒரு வாக்கியம்தான் பேசினார். முந்தாநேத்து சாயங்காலமே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது. அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

போலீஸ் பேச்சு நின்றுவிட்டது. தெருவில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியும்.

இட்லி வாங்கி வந்தேன். சரோஜா பொட்டலத்தைப் பிரித்து என் பங்கை என் பக்கம் தள்ளினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இன்னைக்கு நீ ஒண்ணும் பேசாத" என்றாள்.

பேசவில்லை. ஒருநாள் முழுக்க. அது எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது.

கேஸ் சிலிண்டர் புக் செய்ய வேண்டும். வேன் டிரைவர் இரண்டு தடவை போன்.


ஐப்பசி 16, ஞாயிறு

காலையில் பனி மாதிரி தூறல், அப்புறம் நின்றது.

ஏழுமலையை வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னல் பக்கக் கட்டில். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. கையில் குத்தின இடமெல்லாம் நீலம். கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாம் என்றார்கள். சரோஜா ஸ்பூனால் கொடுத்தாள், நாலு ஸ்பூன் விழுங்கினான்.

டா.அம்மா வந்து பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பினார். செதில் குறைந்திருக்கிறது. இப்போதைக்கு எதையும் சொல்ல முடியாது, கிட்னி முழுசாகத் தேறட்டும், தோலை அப்புறம் பார்ப்போம் என்றார். மாதக் கடைசி ஃபிட்னஸ் நடக்காது. ஸ்க்ராப் யார்டுதான். அவன் அதற்கு முகம் சுளிக்கவில்லை. டா.அம்மாவைக் கும்பிட்டு, நான்தான் மேடம் எழுத வேணாம்னேன், மாமாவ ஒண்ணும் சொல்லாதீங்க என்றான்.

அவர் போனபின் என்னைக் கூப்பிட்டான். குரல் இன்னும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

"மாமா, கடைசில எவ்ளோ?"

"இருபத்தெட்டு."

கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"அஞ்சு கம்மி. அதான் நெத்தில இன்னும் கீது. அடுத்த ஐப்பசிக்கு இன்னொரு வாட்டி குடிக்கிறேன் மாமா. அக்காக்கு சொல்லாத. நீ கூட இரு, போதும். முப்பத்து மூணு போய்ட்டா எல்லாம் போய்டும்ல."

சரோஜா கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்து கட்டில் காலடியில் நின்றாள். அவளுக்கும் கேட்டது. என்னைப் பார்த்தாள். மூன்று நாளில் முதல் தடவை.

"நான் போகலடா" என்றேன்.

"எங்க?"

"எங்கயும் போகல. முப்பத்து மூணும் இல்ல, மூணும் இல்ல. நான் மருந்தே குடிக்கல."

புரியாமல் பார்த்தான். பக்கத்துக் கட்டில்காரரும் திரும்பினார். நான் மெதுவாகச் சொல்லவில்லை. மெதுவாகச் சொன்னால் பாதியில் வேறு ஏதாவது சேர்த்துவிடுவேன் என்று பயம்.

எல்லாவற்றையும் சொன்னேன்: கம்பெனி மேனேஜர் ஒருவர் சிகிச்சைக்குக் கேரளா போனார். நான் அவருக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனவன். மருந்து குடித்தது அவர். பதினாலு நாளும் நான் வெளியே வேனில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். முப்பத்து மூன்று என்பது திரும்பி வந்து டீக்கடையில் ஒருத்தன் கேட்டபோது வாயில் வந்த எண். மேனேஜருக்கு எத்தனை தரம் ஆயிற்று என்று நான் கேட்டதுகூட இல்லை.